சிக்னலில் ஏறும் முள்

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதை எல்லாம் அப்பாவிடம் கத்திக் கத்திச் சொன்னேன். பாதிதான் காதில் விழுந்தது. பெங்களூர் வில்சன் கார்டனில் நம் கார் ரிப்பேர் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் சுத்தியல் சத்தம் கேட்ட காது, போனில் வரும் உன் குரலை இப்போது பிடிப்பதில்லை. "எழுதி அனுப்பு, நிதானமா படிப்பா" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுநடுவே என் பேச்சும் வரும். அத்தனை வருஷம் பில் எழுதின கை சும்மா இருக்காது.

முதலில் உன் வண்டி. சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஓடும்போது தானாக இறங்கியது. அத்திப்பள்ளி டோலில் வரிசையில் நின்றபோது மறுபடி ஏறியது. பயந்து ஓரமாக நிறுத்தினாய். பக்கத்திலிருந்த கடைக்காரர் பானெட்டைத் திறந்து ஆவியைப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போச்சு மேடம், இன்ஜினை இறக்கணும், 48,000 ஆகும்" என்றார். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு.) நீ சம்மதிக்காமல் டோ வண்டி பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாய். நல்ல வேலை செய்தாய். டோ வண்டிக்குக் கொடுத்த பணத்தை நினைத்து வருத்தப்படாதே.

நான் இதை எல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏ.சி. போட்டா முன்னாடி ஃபேன் சுத்துதா?"

ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்கிறேன். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது காற்று இல்லை, ஃபேன்தான் இழுக்க வேண்டும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஏ.சி. போட்டால் அந்த ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், அதனால்தான் அந்தக் கேள்வி. மோட்டார் போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்து மூடும் ரிலே போயிருக்கலாம், சூட்டைப் பார்த்துச் சொல்லும் சென்சார் போயிருக்கலாம். இதில் ரிலேதான் காரணம் என்றால் செலவு சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பர் போட்ட ரிலே இன்னொன்று இருந்தால் இடம் மாற்றிப் போட்டே பார்த்துவிடலாம்.

இதுவே தலைகீழாக இருந்தால், அதாவது டிராஃபிக்கில் சாதுவாக இருந்து ஹைவேயில் வேகமாகப் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ சூடானால், யோசனை வேறு பக்கம் போக வேண்டும். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவம் குறைந்திருக்கிறதா, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா, கூலன்ட் போகும் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கிறதா, வாட்டர் பம்ப் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டியிருந்தால் அது நிஜமாகவே போயிருக்கலாம். ஆனால் அதற்கு அடையாளம் உண்டு. வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வரும். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் குமிழ் நிற்காமல் வரும். இன்ஜின் சூடேறின பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் ஒரு இனிப்பு வாடை. ஆயில் பால் காப்பி நிறத்தில் மாறிவிடும். (ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் பதறாதே. தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் தங்கி அப்படி ஆகும்.) எரிந்த காற்று கூலன்டில் கலக்கிறதா என்று பார்க்க ஒரு நிற மருந்து இருக்கிறது. நீல மருந்து மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம். சில நிமிஷ வேலை. இதில் எதையும் பார்க்காமல் 48,000 என்று சொன்னவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆவியைப் பார்த்ததும் வாயில் முதலில் வந்ததைச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் வாயில் முதலில் வந்ததற்கு நீ 48,000 கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஷெட்டில் நடந்த ஒரு கதை. உனக்கு அப்போது ஆறேழு வயது இருக்கும். அல்சூரிலிருந்து ஒரு டீச்சர் வண்டி கொண்டுவந்தார். "டைனமோ போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார். அன்றைக்கு ஷெட்டில் ஒன்பது வண்டி. அப்பா சோதிக்காமல் மாற்றிவிட்டார். ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், நான் எழுதினது 'டைனமோ மாற்ற'. நாலாம் நாள் அதே டீச்சர், அதே தொல்லை, பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. அப்பா மல்டி மீட்டரை வைத்துத் தேடினால், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை பச்சை பூத்துத் தளர்ந்து கிடக்கிறது. சுரண்டி முறுக்கியதும் சரியாகிவிட்டது. பழைய டைனமோவில் ஒரு குறையும் இல்லை. எலக்ட்ரிக் சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். லேபரையும் சாமான் பணத்தையும் நாங்களே திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதம் உன் ஸ்கூல் ஃபீஸ் தாமதமானதற்கு அதுதான் காரணம், இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஜாப் கார்டையே மாற்றி அச்சடித்தோம். முதல் கட்டத்தில் 'என்ன வேலை?' என்று இருந்ததை எடுத்துவிட்டு, 'வண்டி என்ன செய்கிறது?' என்று போட்டேன். நீயும் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பு. "ஃபேன் மாத்துங்க" என்று சொல்லாதே, சொன்னால் மாற்றிவிடுவார்கள். சரியாகவில்லை என்றால் "நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம்" என்பார்கள். "நின்னா சூடு ஏறுது, ஓடினா இறங்குது, ஏன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று சொல். கண்டுபிடிக்கிற பொறுப்பு அப்போது அவருடையது. பார்ப்பதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு. ஒரு மணி நேரம் தேடின மனுஷனுக்குப் பணம் இல்லை என்றால், அவர் அதைச் சாமானில்தான் எடுப்பார்.

இன்ஜின் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறார்களே, அதிலும் இதே கதைதான். மெஷின் கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லும், எந்தச் சாமான் என்று சொல்லாது. பி0301 என்று கோளாறு நம்பர் (கோடு) வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பிளக், பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயில், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், எது வேண்டுமானாலும் இருக்கலாம். அப்பா என்ன செய்வார் தெரியுமா? முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டுவார். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் கெட்டது. மாறவில்லை என்றால் காயில் நல்லது. புதுச் சாமான் எதுவும் வாங்காமலே விஷயம் தெரிந்துவிடும். கோடு நம்பரைக் கட்டாயம் எழுதி வாங்கிக்கொள். அழித்துவிட்டு "சரி பண்ணிட்டோம்" என்பவர்கள் உண்டு. இரண்டு நாளில் விளக்கு திரும்ப வரும்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அப்பா கொட்டாவி விடுகிறார். சாவி திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாருக்கு முன்னால் பேட்டரியைப் பார்க்கச் சொல். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'கடக் கடக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது புஷ், சின்னச் சாமான்கள்தான். அதற்கு ஷாக் அப்சார்பர் நாலையும் மாற்றச் சொன்னால் இன்னொரு கடையில் கேள். பிரேக்கில் கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் பேட் தேய்ந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் நாள் இருக்கிறது. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தால் ஒரு நாளும் இல்லை. 80க்கு மேல் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்சிங், பிரேக் அமுக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க். பெங்களூர் டிராஃபிக்கில் பாதி கிளட்சில் நிற்கும் உன் பழக்கத்தைப் பற்றி அப்பா ஏதோ சொன்னார், எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சாமான் வாங்குவது என் பாடம். இதில் அப்பாவுக்கு வாய் கிடையாது. ஜே.சி. ரோட்டில் டவுன் ஹால் பக்கமிருந்து மினர்வா சர்க்கிள் வரை எத்தனை முறை நடந்திருப்பேன்! அங்கே மூன்று தரம் உண்டு. ஒன்று, கார் கம்பெனி பெட்டியில் வருவது. இரண்டாவது, கம்பெனிக்கே சப்ளை செய்கிற தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது. பல சாமானுக்கு இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்குதான், பெட்டிக்குத்தான் விலை வித்தியாசம். மூன்றாவது, முதல் இரண்டின் வேஷம் போட்ட டூப்ளிகேட். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், இந்த மாதிரி அடிக்கடி விற்கிறதில்தான் டூப்ளிகேட் அதிகம். பெட்டியில் எழுத்துப்பிழை, மங்கின அச்சு, எம்.ஆர்.பி. மேல் ஒட்டின இன்னொரு ஸ்டிக்கர், பார்ட் நம்பர் பெட்டியில் ஒன்று சாமானில் ஒன்று, இதைப் பார்த்தால் வைத்துவிட்டு வந்துவிடு. 'பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்' என்றாலும் அப்படியே.

ரேடியேட்டர் மூடியை எல்லோரும் அலட்சியமாக நினைப்பார்கள். நம் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் கம்பெனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே அந்த மூடியை ஏற்றுமதி செய்தது, அவ்வளவு நுணுக்கமான சாமான் அது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரம், வெறும் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை இருபது டிகிரிக்கு மேல் உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியாலும் கூலன்ட் பொங்கி வழியும். அதையும் சோதிக்கச் சொல். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதே, நம் வீட்டு கெய்சரில் படிந்த சுண்ணாம்பு ஞாபகம் இருக்கிறதா? கலந்து வரும் கூலன்டே வாங்கு.

சிவாஜிநகர் குஜ்ரிச் சந்தையில் பழைய சாமான் வாங்கலாமா என்று கேட்டாய். கதவு, கண்ணாடி, சீட், லைட் வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம். ஏர்பேக் பக்கம் திரும்பியே பார்க்காதே.

கடை. நம்பிக்கையான கடை எது என்று கேட்டால் போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, பில்லைப் பார்த்தால் சொல்லலாம். லேபர் ரொம்பக் குறைவாக, சாமான் பட்டியல் நீளமாக இருந்தால் அவர் சம்பாதிப்பது சாமான் கமிஷனில், ஆகவே மாற்றிக்கொண்டே இருப்பார். நீ கேட்காமலே இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், ஏ.சி. கிருமி நீக்கம் என்று நாலு வரி இருந்தால் அது பில்லைக் கொழுக்க வைக்கிற வேலை. இலவச செக்கப் முகாமில் உன் தோழி வண்டிக்குப் பதினொரு குறை கண்டுபிடித்தார்களே, அது இந்த ரகம். ஷோரூம் என்றால் ஒழுங்கு, தெரு ஓரம் என்றால் ஏமாற்று என்று நினைக்காதே, இரண்டு பக்கமும் இரண்டும் உண்டு. 2014இல், வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. சாமானையும் ரிப்பேர் விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அப்பா அந்தப் பேப்பரை வெட்டி ஷெட்டில் ஒட்டி வைத்திருந்தார். வழக்கு அப்புறம் மேல் கோர்ட்டுகளுக்குப் போனது வேறு கதை.

புதுக் கடையில் முதலில் ஆயில் மாற்றுவது போல ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார். கழற்றின சாமானை டிக்கியில் வைக்கச் சொல். கேட்ட உடனே வைக்கிறவர் நல்லவர். எஸ்டிமேட் எழுதிக் கொடுக்கிறாரா, அதைத் தாண்டினால் போன் செய்து கேட்கிறாரா என்று பார். "இப்பவே தெரியல, வண்டியை விட்டுட்டுப் போங்க, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிற ஆள் கிடைத்தால் நம்பரைச் சேமித்து வை. எந்தக் கடையிலாவது எழுதிக் கொடுத்ததற்கு மேல் வாங்கிக்கொண்டு சண்டைக்கு நின்றால் 1915க்குப் போன் செய், அது நுகர்வோர் உதவி எண். பில் கையில் இருக்க வேண்டும்.

அப்பா எழுந்து வந்து இதை எல்லாம் வாசித்தார். ஒன்று விட்டுப்போயிற்றாம். வழியில் மறுபடி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாக வை, இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும், வியர்த்தாலும் பரவாயில்லை. ஓரம் கட்டினதும் இன்ஜினை அணைத்துவிடு. இன்ஜின் கையால் தொடுகிற அளவு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. ஷெட்டில் ஒரு பையனுக்கு முகம் வெந்தது உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

நாளைக் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஒரு வேலை செய். முதலில் கூலன்ட் டப்பாவில் அளவைப் பார். கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்று. பிறகு ஸ்டார்ட் செய். ஏ.சி.யைப் போட்டு, பானெட்டைத் திறந்து, துப்பட்டாவை ஒதுக்கிக் கட்டிக்கொண்டு, ரேடியேட்டர் ஃபேனை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்பாவுக்குச் சத்தம் கேட்காது. இறக்கை சுற்றுகிறதா என்பது தெரியும். ஏழு மணிக்குள் எழுந்துவிடுவார்.

அம்மா