நீல வானத்தை நம்பி இறங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் சுற்றுலா இணைப்பில் காஷ்மீரின் குல்மார்க் பற்றி வந்த கட்டுரை, பனி கொட்டி ஓய்ந்து வானம் வெளுத்த மறுநாள்தான் பனிச்சறுக்குக்குப் பொன்னான நாள் என்கிறது. படம் பிடிக்க வேண்டுமானால் அது சரி. பனிச்சரிவு ஆளை அடிப்பதும் பெரும்பாலும் அதே நாளில்தான்.

அங்குள்ள கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் உச்சி நிலையம் அஃபர்வத் மலையில், கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நடுச்சரிவில் மட்டும் காவல் குழுவினர் வெடி வைத்துத் தளர்ந்த பனியை முன்கூட்டியே சரித்துவிட்டுத்தான் ஆட்களை விடுகிறார்கள். அதன் எல்லையைக் காட்டும் கயிற்றுக்கு அப்பால் அந்த வேலையை யாரும் செய்வதில்லை. 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் இறந்தது அந்த அப்பால் பகுதியில்தான்.

நடப்பது இதுதான். பனி பெய்யாமல் குளிர் மட்டும் வாட்டும் வாரங்களில், தரையை ஒட்டிய பழைய பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் ரவை போல உதிரும். அதன்மேல் ஒரே இரவில் 30, 40 செ.மீ. புதுப்பனி விழுகிறது. காற்று அதை வாரிக்கொண்டுபோய் முகட்டின் மறுபக்கத்தில் இறுக்கமான பாளமாகப் படிய வைக்கிறது. காலுக்குக் கெட்டியாக இருப்பதால் மனசு நம்பிவிடும். ஒரு ஆள் எடை போதும், அடி அடுக்கு நொறுங்கிப் பாளம் முழுவதும் கழன்றுவிடும். உயிர்ப்பலி வாங்கும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ கூட வந்தவரோதான். 'இயற்கையின் சீற்றம்' என்ற தலைப்பு செய்தியறைக்கு வசதி, அவ்வளவே.

சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை இருக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் பாளம் கழலும். கைபேசியிலேயே சாய்வு அளக்கலாம். நிற்கும் இடம் 20 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ அன்றைக்கு அந்தச் சரிவு வேண்டாம். பனிச்சரிவு எச்சரிக்கை அளவில் ஐந்துக்கு மூன்று என்றால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்புகிறார்கள். சாவுகள் அதிகம் பதிவாவது அந்த மூன்றில்தான்.

கட்டுரையின் சாமான் பட்டியலில் கண்ணாடியும் கேமராவும் இருந்தன, பீக்கன் இல்லை, அதாவது புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி. ஆளுக்கு ஒரு 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன், குறைந்தது 2.4 மீட்டர் நீளமுள்ள பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, தோண்ட அலுமினிய ஷவல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். கைபேசியைப் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது அரை மீட்டர். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்துக்குள்தான் நன்றாக இருக்கும், பிறகு மளமளவென்று இறங்கிவிடும். கீழிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. பீக்கன் காட்டும் தூர எண் சிறுத்ததும் அதைப் பனிப்பரப்பை ஒட்டித் தாழ்த்துங்கள். எண் மிகக் குறைவாக உள்ள இடத்தில் தொடங்கி 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகக் கம்பி குத்துங்கள். தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்காதீர்கள். அதன் கீழ்ச்சரிவுப் பக்கம், புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, ஆளை நோக்கித் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் அவர் மூச்சுவிடும் காற்றுவெளியை நாமே மிதித்து மூடிவிடுவோம்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தபோது ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டதைச் சிலர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் இருந்தது கூடாரத்துக்குள். அதில் காற்றுக்கு இடம் இருந்தது. அவரும் சில நாளில் இறந்துபோனார். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை இழந்த விபத்து அது. சறுக்கிக்கொண்டிருப்பவனுக்குக் கூடாரம் ஏது?

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கயிற்றைத் தாண்ட நினைப்பவர்கள், கொண்டோலா ஏறுமுன் வழிகாட்டியிடம் பீக்கன் சோதனை கேட்கட்டும்: அவர் தள்ளி நிற்க, ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடந்து, சிக்னல் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டு நிமிட வேலை. 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று அவர் சிரித்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்