நாலு கமென்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய வேலை விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் தொடங்குவதைச் சொல்ல ஒரே பக்கத்தில் நாலு 'கமென்ஸ்' (commence)! 'ஸ்டார்ட்' என்று எழுதினால் சின்னப்பிள்ளை எழுத்துபோல் தெரியும் என்று பயந்துவிட்டாய் போலிருக்கிறது.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு பல காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் புழங்கியது. கமென்ஸ் அந்தப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஒப்பந்தம், வழக்கு, விழா என்றால் அதன் விறைப்பு பொருந்தும். அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாவுக்கே 'கமென்ஸ்மென்ட்' என்று பெயர். படிப்பு முடிகிற நாளைத் தொடக்கம் என்கிறார்கள், பார்! 'பிகின்' அப்படியில்லை. அது பழைய ஆங்கிலத்தின் வீட்டுச் சொல், எங்கும் உறுத்தாது.

எனக்குப் பிடித்தது ஸ்டார்ட்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துள்ளுவது, குதிப்பது என்று பொருள். திடுக்கிட வைப்பதைச் சொல்லும் 'ஸ்டார்ட்டில்' அதன் சொந்தக்காரன். தொடங்குவது என்ற பொருள் ரொம்பப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த முதல் உதறல் இன்னும் சொல்லுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கூட்டத்தை ஸ்டார்ட் செய்யலாம், பிகினும் செய்யலாம். காரை ஸ்டார்ட் மட்டும்தான் செய்ய முடியும். நாமும் 'வண்டியை ஸ்டார்ட் பண்ணு' என்கிறோமே தவிர, 'வண்டியை ஆரம்பி' என்றா சொல்கிறோம்?

இரண்டாம் பத்தியில், தொடக்கத்திலிருந்தே என்று சொல்ல, 'ப்ராஜெக்ட்டின் ஆன்செட்டிலிருந்தே' (onset) என்று எழுதியிருக்கிறாய். அங்கே சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆன்செட்டுக்கு முதலில் தாக்குதல் என்று பொருள். இப்போதும் நோய், கடுங்குளிர் மாதிரி வேண்டாத விருந்தாளிகளுக்குத்தான் பெரும்பாலும் அதைச் சொல்வார்கள். உன் ப்ராஜெக்ட்டுக்குக் காய்ச்சல் வந்ததுபோல் ஆகிவிட்டது! 'அவுட்செட்' (outset) என்று மாற்று, அதுவும் தொடக்கம்தான்.

'ஆரிஜின்' என்று எழுதிய இடமும் சரியில்லை. லத்தீனில் அதன் வேருக்கு எழுவது, உதிப்பது என்று பொருள். கிழக்கைக் குறிக்கும் 'ஓரியன்ட்' அதே வேர்தான். எப்போது தொடங்கியது என்பதற்கு அது ஆகாது, எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான். நாம் தொடக்கம் வேறு, தோற்றம் வேறு என்று வைத்திருக்கிறோமே, அதுபோல.

விழா எடுத்துத் தொடங்கிவைப்பதைச் சொல்லும் 'இனாகுரேட்' நல்லவேளையாக உன் கடிதத்தில் இல்லை. பறவைகள் பறக்கும் போக்கை வைத்துச் சகுனம் பார்த்த ரோமானியர்களிடமிருந்து வந்த சொல் அது. நீ வேலைக்குச் சேர்வதற்குப் பறவையெல்லாம் பார்க்க வேண்டாம்.

சரி, பணியில் சேரும் தேதியைச் சொல்கிற இடத்தில் மட்டும் கமென்ஸ் இருக்கட்டும். இரண்டை பிகின் ஆக்கு. கடைசி வரியில் தைரியமாக ஸ்டார்ட் போடு. மாற்றிவிட்டு இன்னொரு தடவை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா