‘அப்புறம் பார்க்கலாம்’ என்கிற மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நாடகத்தைப் பற்றிச் சொன்னாயே, அதுதான் விஷயம். “ஆபீஸ்ல எல்லாரும் பார்த்துட்டு வந்து பேசறாங்கப்பா. வேலை கொஞ்சம் குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றாய். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு ரயிலில் போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு இந்த ‘அப்புறம்’ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! சினிமா என்றால் நானும் பேசாமல் இருந்துவிடுவேன். தியேட்டரில் விட்டதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மேடைக்கு அந்த வசதி கிடையாது.

உன் நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நீ சபா நாடகம் பார்த்து வளர்ந்தவள். இங்கே நாடகம் குழுவோடு ஊர் சுற்றும். இந்த மாதம் ஒரு சபாவில் தவறினால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு சபாவில் அதே நாடகம், அதே ஆட்கள், அதே சோபா. படுதாவையும் நாலு தட்டுமுட்டுச் சாமானையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். பிராட்வே நாடகம் அப்படி இல்லை, அது ஒரு கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறது. வாடகை கட்டுகிற வரைக்கும்தான் வாசம். 500 இருக்கைக்கு மேல் உள்ள அந்த மாதிரி அரங்குகள் மொத்தமே 41. உள்ளே நுழைய அடுத்த நாடகம் எப்போதும் வெளியே காத்துக்கொண்டிருக்கும்.

கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். நாடகம் நன்றாக இருக்கிறதா என்று உன் சிநேகிதிகள் பேசிக்கொள்ளட்டும், நான் வசூலைத்தான் பார்ப்பேன். அதுவும் வாராவாரம் வெளியே வந்துவிடுகிறது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமையோடு வாரக் கணக்கு முடியும். எந்த அரங்கில் எத்தனை டாலர் வந்தது, நூற்றுக்கு எத்தனை இருக்கை நிரம்பியது, டிக்கெட் சராசரியாக என்ன விலை போனது என்று ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாகப் போட்டுவிடுகிறார்கள். லண்டனில் இப்படி நாடகவாரியாக வெளியிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை காபியோடு நான் அதைத்தான் படிக்கிறேன். அம்மா “பெத்த பொண்ணைப் பார்க்கப் போகமுடியலை, அவ ஊர் நாடகத்துக்கு இங்கேருந்து ஆடிட்டிங்கா?” என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

வாரத்துக்கு எட்டு காட்சி. நடிகர், வாத்தியக்காரர், மேடைத் தொழிலாளி, விளம்பரம், வாடகை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு நிலையான செலவு. வசூல் அதற்கு மேலே போனால் போட்ட முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கீழே போனால் தயாரிப்பாளர் கைக்காசைப் போட்டு ஓட்ட வேண்டும். அரங்க ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு விதியும் இருக்கும்: குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வசூல் தொடர்ந்து இறங்கினால், வீட்டுக்காரர் ‘காலி செய்’ என்று நோட்டீஸ் கொடுத்துவிடலாம். நாலு நாள் முன்பு வரை நிறைந்த அரங்காகத் தெரிந்தது திடீரென்று மூடுகிறதே என்று நீங்கள் ஆச்சரியப்படுவது இதனால்தான். இருக்கை நிரம்பியிருக்கும், ஆனால் பாதி விலைக்கு நிரம்பியிருக்கும். காலி செய்த பிறகு அந்தச் செட்டைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள் என்று நினைக்காதே. கிடங்கு வாடகை யார் கொடுப்பது? பெரும்பாலும் உடைத்துக் குப்பையில் போடுகிறார்கள்.

நல்ல நாடகம் மூடாது என்றும் நினைக்காதே. ‘லைஃப் ஆஃப் பை’ நினைவிருக்கிறதா, நம் பாண்டிச்சேரிப் பையனும் புலியும்? லண்டனில் ‘பை’ என்கிற அந்தப் பையனாக நடித்தவர் கொழும்புக்காரர், ஹிரான் அபேசேகர. லண்டன் நாடகங்களுக்குக் கொடுக்கிற ஒலிவியர் விருதில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. பொம்மைப் புலியாக நடித்த ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள். ஏழு பேர் சேர்ந்து ஒரு புலி! அதே ஹிரான் பிராட்வேக்கும் வந்தார். 2023 மார்ச் 30-ல் திறந்தார்கள். ஜூனில் மேடையமைப்பு, ஒளி, ஒலி மூன்றுக்கும் டோனி விருது, பிராட்வேயின் பெரிய விருது அதுதான். ஜூலை 23-ல் மூடிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால் நம் ரஹ்மான். ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் அப்போலோ விக்டோரியா அரங்கில் 2002 ஜூனில் வந்து இரண்டு வருஷம் ஓடியது. 2004 ஏப்ரலில் நியூயார்க் போனது. ரஹ்மான் இசை, ஷாருக்கானுக்கு வருவதுபோல இந்தியர் கூட்டமே அரங்கை நிரப்பிவிடும் என்று அப்போது நானும்கூட என் சிநேகிதர்களிடம் பந்தயம் கட்டாத குறைதான். 2005 புத்தாண்டு அன்று கடைசிக் காட்சி. லண்டனில் அது இருந்த அரங்கில் 2006-ல் ‘விக்கட்’ வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை. உன் பட்டியலை அனுப்பினாயே, அதில் ‘லயன் கிங்’, ‘சிகாகோ’, ‘விக்கட்’ மூன்றும் உச்சியில். பிரபலமானதை முதலில் பார்க்கிறேன் என்கிறாய். ஏன்? ‘சிகாகோ’ 1996-லிருந்து ஓடுகிறது, ‘லயன் கிங்’ 1997-லிருந்து, ‘விக்கட்’ 2003-லிருந்து. நாங்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அம்மாவுக்கும் அந்த மிருக முகமூடியெல்லாம் பிடிக்கும். நீ பார்க்க வேண்டியது இந்தத் தேதி வரைக்கும்தான் என்று சொல்லியே திறக்கிறார்களே, அவற்றை. பெரிய நடிகர் ஒருவர் சினிமாவிலிருந்து மூன்று நாலு மாதம் ஒதுக்கி மேடைக்கு வருவார், அடுத்த படப்பிடிப்புத் தேதி வந்ததும் போய்விடுவார். வசூல் எவ்வளவு வந்தாலும் அதை நீட்டிக்க வழியில்லை. ஜார்ஜ் குளூனி 2025-ல் நடித்தது அப்படித்தான், ஜூன் 8-ல் முடிந்தது. முடிவதற்கு முந்தைய நாள் காட்சியை டிவியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஆனால் அது அபூர்வத்திலும் அபூர்வம், அதை நம்பி வீட்டில் உட்காராதே.

பிராட்வேக்கு வெளியே நடப்பது இன்னும் குறுகிய காலம். இதில் எனக்கு உன்மேல் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்கிர்பால் அரங்கில் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’ வந்தது. எஸ். சக்திதரன் எழுதியது. 2019-ல் சிட்னி டவுன்ஹாலில் முதலில் போட்டார்கள். சிட்னியில் வாழும் ராதா என்கிற தமிழ்ப் பெண், அங்கேயே வளர்ந்த அவள் மகன், கொழும்பிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு இடைவேளையோடு மூன்று மணி நேரத்துக்கும் மேலே. மேடையில் தமிழ் பேசுகிறார்கள், சிங்களம் பேசுகிறார்கள், பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் அதை அப்போதே ஆங்கிலத்தில் சொல்கிறார். நியூயார்க்கில் ஒரு பெரிய மேடையில் தமிழ் கேட்க எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வாய்க்கும்? நான் செய்தியை வாட்ஸாப்பில் அனுப்பினேன். “அடுத்த வாரம் போறேன்ப்பா” என்று பதில் போட்டாய். சில வாரங்கள்தான் நடந்தது. நான் அதைப் பற்றிப் படித்ததோடு சரி, நீ அதுவும் இல்லை.

‘கடைசி வாரங்கள்’ என்று விளம்பரம் வரும், அப்போது போய்க்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே. மாப்பிள்ளை நல்லவர், ஆனால் இந்த யோசனை அவருக்கு மட்டும் தோன்றுவதில்லை. ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ பிராட்வேயில் 1988-லிருந்து ஒரே அரங்கில் நடந்தது. 27 பேர் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா, ஒவ்வொரு நாளும். கொரோனாவுக்குப் பிறகு வெளியூர்க் கூட்டம் குறைந்தது, செலவு குறையவில்லை. 2022 செப்டம்பரில், வருகிற பிப்ரவரியோடு மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், 35 வருஷமாக ‘அப்புறம்’ என்றிருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். ஒரே வாரத்தில் முப்பது லட்சம் டாலருக்கு மேல் வசூல். தேதியைத் தள்ளிப்போட்டு 2023 ஏப்ரல் 16 வரை ஓட்டி, 13,981-வது காட்சியோடு நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் பாதி ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் நிறுத்தியே இருக்கமாட்டார்களோ என்னவோ. ‘இன்றும் என்றும்’ என்று விளம்பரம் செய்த ‘கேட்ஸ்’கூட 2000 செப்டம்பரில் மூட்டை கட்டியது.

சீக்கிரம் போகிறவர்களால் நாடகம் பிழைத்துக்கொள்வதும் உண்டு. ‘மேபி ஹேப்பி என்டிங்’ என்று ஒன்று, 2016-ல் சியோலில் பிறந்தது. இரண்டு பழைய ரோபோக்கள் ஒன்றையொன்று விரும்புகிற கதை. 2024 நவம்பரில் பிராட்வேயில் திறந்தபோது வாரக் கணக்கைப் பார்த்து இது பொங்கலைத் தாண்டாது என்று நான் பென்சிலால் குறித்துவைத்தேன். பெரிய பெயர் இல்லை, தெரிந்த கதை இல்லை. பார்த்தவர்கள் போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் ஏறியது. அடுத்த ஜூனில் ஆறு டோனி, சிறந்த இசை நாடகமும் அதுதான்.

எது எப்போது மூடும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் பணம் கொட்டும். அது முடிந்ததும் ஜனவரி குளிரில் ஊரே காலி, அதற்கு முன்பே நிறையப் பேர் கடையைக் கட்டுவார்கள். அடுத்து மூடுகிற காலம் ஜூன், டோனி விருது கிடைக்காதவர்களுக்கு. முக்கிய நடிகர் விலகுகிறார் என்ற செய்தி வந்தாலும், தள்ளுபடி மின்னஞ்சல் அடிக்கடி வர ஆரம்பித்தாலும், குறிப்பிட்ட தேதிக்கு அப்பால் டிக்கெட் விற்பனையைத் திறக்காமலே வைத்திருந்தாலும், யோசிக்காமல் போய்விடு.

காசு ஒரு காரணம் என்று சொல்லாதே. 1996-ல் ‘ரென்ட்’ நாடகக்காரர்கள் முன் இரண்டு வரிசையை 20 டாலருக்குக் கொடுத்தார்கள். அதற்காகப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் தெருவில் படுத்தார்கள், பிறகு அதையே குலுக்கலாக்கினார்கள். இப்போது பல நாடகங்களுக்குப் போனிலேயே லாட்டரி இருக்கிறது. ‘ஹாமில்டன்’ பத்து டாலருக்குக் கொடுத்தது, அந்த நோட்டில் இருக்கிற ஆளே ஹாமில்டன்தானே. காலையில் பாக்ஸ் ஆபீஸ் திறக்கும்போது அன்றைக்கான மலிவு டிக்கெட், ‘ரஷ்’ என்பார்கள், கிடைக்கும் இடங்களும் உண்டு. டைம்ஸ் ஸ்கொயரில் அந்தச் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியில் டி.கே.டி.எஸ். கவுன்டர் 1973-லிருந்து அன்றன்றைய காட்சிக்குத் தள்ளுபடியில் விற்கிறது, பாதி விலைக்கும் கிடைக்கும். தேடினால் முதலில் வந்து நிற்கிற மறுவிற்பனைத் தளங்களில் மட்டும் வாங்காதே. அசல் மாதிரியே இருக்கும், விலை இரண்டு பங்கு. அரங்கின் சொந்தத் தளத்துக்குப் போ. பால்கனியில் உட்காரக் கூச்சப்படாதே, இசை நாடகத்தில் கூட்டமாக ஆடும் கோலம் மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது, கடைசிக் காட்சிக்குப் போகாதே, ஏற்கெனவே பார்த்திருந்தால் ஒழிய. ஒவ்வொருவர் மேடைக்கு வரும்போதும் கைதட்டி நாடகத்தை நிறுத்திவிடுவார்கள், விலையும் எகிறும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு செவ்வாய், புதன் சரி. உள்ளே போனதும் கையில் கொடுக்கிற ப்ளேபில் என்ற நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தால், இன்று இன்னார் வரவில்லை, மாற்று நடிகர் நடிக்கிறார் என்று அர்த்தம். முகம் சுளிக்காதே. வருஷம் முழுக்க இந்த ஒரு ராத்திரிக்காகக் காத்திருந்தவர் அவர், உயிரைக் கொடுத்து நடிப்பார். நாடகப் பெயருக்கு மேலே பெயர் போட்ட நட்சத்திரமே வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

எதுவும் கிடைக்காமல் போனால் லிங்கன் சென்டரில் இருக்கிற பொது நூலகத்தில் 1970-லிருந்து நாடகங்களைப் படம்பிடித்துச் சேர்க்கிறார்கள். வெளியே கொண்டுவர முடியாது, முன்கூட்டி நேரம் வாங்கி, ஆராய்ச்சி என்று காரணம் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீ கம்ப்யூட்டர்காரி, என்ன ஆராய்ச்சி சொல்வாய்?

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், பிறந்தநாளுக்கு. மளிகைக்குச் செலவழித்துவிடாதே, இரண்டு டிக்கெட் எடு. நீ சொன்ன அந்த நாடகம் போன வாரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதற்கு முந்தைய வாரமும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எந்தத் தேதிக்கு எடுத்தாய் என்று சொல். “பார்க்கலாம்ப்பா” என்று ஆரம்பித்தால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அவள் குழந்தைப் பேச்சை எடுப்பாள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா