துப்பாக்கி கேட்பவரை வெறியர் என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவைப் போல நம் நாட்டிலும் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று உங்கள் இதழில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவரை ரத்தவெறி பிடித்தவர் என்று திட்டி அடுத்த வாரமே ஒரு பதில் கடிதம் வந்தது. முதல் கடிதம் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் என்னை எழுத வைத்தது இரண்டாவது கடிதம்தான். ஆளைத் திட்டி ஒதுக்கிவிட்டால், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது நமக்குக் கடைசி வரை தெரியப் போவதில்லை.

துப்பாக்கி இருந்த வீட்டில் பல வருடம் குடும்பம் நடத்தியவள் நான். என் கணவர் குடியாத்தம் பக்கம். ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, இங்கே அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி எடுத்தவர். அந்தப் படை வீரர்களைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். பென்ஷனோடு வெளியே வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். கிடைத்தது வங்கி வாசலில் கன்மேன் வேலை. ஆள் எடுத்த ஏஜென்சிக்காரர்கள் முதலில் கேட்டதே, சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருக்கிறதா என்றுதான். இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் வெறும் வாட்ச்மேன் சம்பளம். கடன் வாங்கித்தான் அந்த '12 போர்' ரக இரட்டைக்குழல் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான் போனது. ஆயுத பூஜை அன்று என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அதையும் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். சோறு போட்ட பொருளைக் கும்பிடுவதில் வெறி எங்கே இருக்கிறது?

கணவர் காலமான பிறகு அந்தத் துப்பாக்கி யாருக்கு என்று வீட்டில் பேச்சு வந்தது. நகைக்கோ நிலத்துக்கோ வராத கோபம் அதற்கு வந்தது. மூத்தவன் கே.ஆர்.புரம் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்டியிருக்கிறான். சுற்றிலும் காலி மனை, தெருவிளக்கு பாதிதான் எரியும். அப்பா ஞாபகமாக அது எனக்கு வேண்டும் என்றான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவை உடைச்சா யாரும்மா வருவாங்க?" என்றான்.

துப்பாக்கி பற்றிய எல்லாப் பேச்சுக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். கூப்பிட்டால் யார் வருவார்கள்? வருவார்கள் என்று நம்புகிறவருக்குத் துப்பாக்கி தேவையில்லாத ஆபத்து. வர மாட்டார்கள் என்று நினைப்பவருக்கு அதுதான் கடைசித் துணை. அந்தத் துணையைப் பிடுங்குகிறேன் என்றால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இளையவன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் இருக்கிறான். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம். அவன் பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர், என் பேத்தியிடம் பிரியமாக இருப்பார். வீட்டில் பல துப்பாக்கிகள் வைத்திருக்கிறார். அவர் வளர்ந்தது ஒரு பண்ணையில். போலீஸ் என்பது தொலைவில் எங்கோ இருக்கும் ஊரில். அவருக்கு, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லி 1791-ல் சேர்த்த அரசியல் சட்டத் திருத்தம் பள்ளியில் படித்த பாடம் அல்ல, அப்பா கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பழக்கம். அந்தத் திருத்தம் தனி மனிதருக்கும் உரியது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல்தான். அவர் மனதில் அது எப்போதோ முடிவான விஷயம்.

சான் அன்டோனியோவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் யுவால்டி என்ற சின்ன ஊர். 2022 மே 24 அன்று அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு 18 வயது. பதினெட்டு முடிந்த கையோடு கடையில் முறைப்படி துப்பாக்கி வாங்கியிருந்தான். பிறகு நடந்த விசாரணை அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. போலீசாரும் மற்றக் காவல் படையினருமாக 376 பேர் அங்கே வந்திருக்கிறார்கள். 77 நிமிடம் கழித்துத்தான் அவனை நெருங்கியிருக்கிறார்கள். நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை அணைத்தபடி 77 நிமிடம் காத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதே சம்பவத்தைப் பார்த்து அங்கே இரண்டு தரப்பும் தங்கள் எண்ணத்தில் இன்னும் உறுதியானார்கள். என் மருமகள், பதினெட்டு வயதுப் பையன் கையில் அதை யார் கொடுத்தது என்று அழுதாள். பக்கத்து வீட்டுப் பெரியவர், பார்த்தீர்களா, 376 பேர் வந்தும் காப்பாற்றவில்லை, நம்மை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு பேருமே அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான் பேசினார்கள். துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் வந்தால் என்ன செய்வது என்று என் பேத்திக்குப் பள்ளியில் ஒத்திகை நடக்கிறது. விளக்கை அணைத்து, மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். இருமல் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன் பாட்டி என்று வீடியோவில் செய்து காட்டினாள்.

ஒயிட்ஃபீல்டு வாசகர் காந்தியடிகளையும் சாட்சிக்கு அழைத்திருந்தார். ஆங்கில ஆட்சியின் தவறுகளிலேயே மிகக் கறுப்பானது ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்ற கருத்தில் அவர் எழுதியது உண்மைதான். ஆனால் அது 1918-ல், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது எழுதியது. 1878-ல் வந்த அந்தச் சட்டம் இந்தியரைத்தான் லைசென்ஸ் கேட்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. மனதைச் சுட்டது அந்த அவமானம். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது அதனால்தான். பிறகு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கக் கேட்டபோது அம்பேத்கர் மறுத்தார். யார் வேண்டுமானாலும் சந்தையில் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்துவது என்று கேட்டார். கூடும் உரிமையைக்கூட நம் அரசியல் சட்டம் 'அமைதியாக, ஆயுதமின்றி' என்றுதான் தருகிறது. நம்மை அடக்கிய சட்டத்தின் மேல் வந்த கோபம் வேறு, நாமே உட்கார்ந்து எழுதிய சட்டம் வேறு.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் மக்கள் நம் கர்நாடகத்திலேயே இருக்கிறார்கள். குடகின் கொடவ இனத்தவருக்கு அந்த விலக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. என்னோடு வேலை பார்த்த குடகுத் தோழி ஒருவர் உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி, சத்தத்தைக் கேட்டு மலைச்சரிவில் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளிலிருந்து எல்லோரும் புறப்பட்டு வந்துவிடுவார்கள் என்பார். கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, குழலில் ஒரு பூவைச் செருகுவார்கள். அது நம் செங்காந்தள். அங்கே துப்பாக்கி என்பது ஆளைக் கூப்பிடும் குரலாகவும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடியில் அதைக் கொண்டுவந்து வைத்தால் அதே அர்த்தம் வராது என்பதும் நிஜம்.

மூத்தவனுக்கு நான் சொன்னது இதுதான். உன் அப்பா குழலைத் தனியாகக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார், கட்டையைப் பரண்மேல் வைப்பார், தோட்டாவுக்கு வேறு பூட்டு. நீங்கள் இரண்டு பேரும் கையெல்லாம் காலெல்லாம் முழுசாக வளர்ந்தீர்கள் என்றால் அதனால்தான். அப்படி வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் திருடனை அது தடுக்காது. நீ எல்லாவற்றையும் எடுத்து மாட்டுவதற்குள் அவன் உள்ளே வந்திருப்பான். தடுக்க வேண்டும் என்றால் தோட்டாவோடு தலைமாட்டில் வைக்க வேண்டும். அந்த அறையில்தான் உன் பையன் விளையாடுகிறான். இரண்டில் எது என்று நீயே சொல். அவன் பதில் சொல்லவில்லை. இன்னும் என் மேல் வருத்தத்தில்தான் இருக்கிறான்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். துப்பாக்கி திருடனுக்கு மட்டும் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. கடன், காதல், பரீட்சை, குடும்பச் சண்டை என்று மனம் உடைகிற வேளை எந்த வீட்டிலும் வரும். அந்த வேளையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் தாண்ட விடாது.

லைசென்ஸைத் தாராளமாக்கினால் கெட்டவர்கள் பயப்படுவார்கள் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் சுமார் 7 கோடியே 10 லட்சம். லைசென்ஸ் உள்ளவை 1 கோடிகூட இல்லை. மீதி எல்லாம் கள்ளத்தனமானவை. 2017 செப்டம்பர் 5 அன்று இதே பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷைச் சுட்டுக் கொன்றது நாட்டுத் துப்பாக்கி. அவர் வீட்டு வாசலிலேயே நடந்தது. பிடிக்க வேண்டியது அந்தக் கள்ளப் பட்டறைகளை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதற்குத் தண்டனையை ஆயுள் வரை கடுமையாக்கியிருக்கிறார்கள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

எனக்கு அரசிடம் கேட்க ஒன்று உண்டு. வங்கி, நகைக்கடை, கேஷ் வேன் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினரைச் சொந்தத் துப்பாக்கி கொண்டுவா என்று கேட்பதை நிறுத்த வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே துப்பாக்கி வாங்கி, காவலரை அந்த லைசென்ஸில் சேர்த்துக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் அது அங்கேயே பூட்டப்படும். எல்லோரும் அப்படிச் செய்யட்டும். எங்களைப் போல இரண்டு அறை வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வங்கிப் பணத்துக்கான துப்பாக்கியையும் சேர்த்துக் காவல் காக்கும் நிலை இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பக் கைக்கு வரும் வரை சம்பளம் என்னாகுமோ என்று தவிக்க வேண்டும். அந்தக் கவலையும் மிச்சம்.

அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் பக்கம் என்னைப் போல முன்னாள் ராணுவத்தினரின் மனைவிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதையும் வெளியிடுங்கள். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. ஆயுதச் சட்டம் 21-வது பிரிவின்படி, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டும் என்றால் தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம், வேண்டாம் என்றால் முறைப்படி விற்கலாம். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். துப்பாக்கியின் எண்ணையும், மிச்சமுள்ள தோட்டாக்களின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, முன்னாள் ராணுவ வீரரின் மனைவி
அல்சூர், பெங்களூரு