மே 12-க்குள் ஆறு படகுகள்: பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கும் படகுக் குழுவின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மே 12ஆம் தேதிக்குள் 1,58,500 ரூபாய் சேராவிட்டால், முன்பணம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் ஆறு ஆப்டிமிஸ்ட் படகுகளும் (பிள்ளைகள் ஓட்டும் சிறிய பாய்மரப் படகுகள்) வேறு ஊருக்குப் போய்விடும். கொடுத்த முன்பணம் ஒரு லட்சமும் திரும்பி வராது. விற்பவரிடம் ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கிவிட்டோம். மூன்றாவது முறை கேட்க எங்களுக்கு முகமில்லை.

தை மாதக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஊரெல்லாம் படகுதானே கிடக்கிறது, பிள்ளைகளுக்குத் தனியாக எதற்கு?" அன்று இரைச்சலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் என்ற பெயரை நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது நன்றாக அறிவார்கள். 1997இல் சென்னையில் பிறந்தவர். டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள், பரதநாட்டியம் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிள்ளை. 12 வயதில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குப் போனார். பாய், காற்று, கயிறு மூன்றும் அங்கேதான் அவருக்குப் பழக்கமாயின. ஐந்தே வருடத்தில், 17 வயதில், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காகப் படகு ஓட்டினார். ஒரு கோடை முகாமில் தொடங்கிய கதை இது என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஓட்டுவது லேசர் ரேடியல். இப்போது அதை ஐஎல்சிஏ 6 என்கிறார்கள். நீளம் 4.2 மீட்டர், எடை அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே பாய், ஓட்டுவதும் ஒரே ஆள். மோட்டாரும் கிடையாது, துடுப்பும் கிடையாது. காற்று கூடினால் காலைப் படகுக்குள் இருக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டு உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்க்க வேண்டும். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எந்த இடத்தில் திருப்புவது, காற்று எந்தப் பக்கம் மாறப்போகிறது என்பதையெல்லாம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற நம் தாத்தாக்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

மதிப்பெண் கணக்கும் புரிந்துகொள்ள எளிது. முதலில் வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2. ஒரு போட்டித் தொடரில் பல ஓட்டங்கள். கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். ஒரு நாள் ஜெயித்துவிட்டு மறுநாள் தூங்கினால் கதை முடிந்தது. நாள் தவறாமல் நன்றாக ஓட்டுகிறவருக்கான விளையாட்டு.

நேத்ராவுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 2014 இஞ்சியோன், 2018 ஜகார்த்தா, 2023 ஹாங்சோ என்று மூன்று ஆசிய விளையாட்டுகளில் இறங்கினார். மூன்றிலும் பதக்கம் இல்லை. ஆனாலும் அவர் படகைக் கரையில் கவிழ்த்து வைத்துவிடவில்லை. பொறியியல் படித்துக்கொண்டே ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவுக்குப் போய் ஹங்கேரிப் பயிற்சியாளர் தமாஸ் எஸெஸிடம் பயிற்சி எடுத்தார். 2020 ஜனவரியில் மியாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வென்றார். பாய்மரப் படகு உலகக் கோப்பையில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. அடுத்த இடத்தில் இருந்தவரைவிட 21 புள்ளி முன்னிலையில் இருந்து தகுதி பெற்றார். அந்த இரண்டாவது இடத்தில் இருந்தவரும் இந்தியப் பெண்தான். அதுவரை பாய்மரப் படகில் ஒலிம்பிக் போன இந்தியர் எல்லோரும் ஆண்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், எனோஷிமா கடலில், 44 பேரில் 35ஆவது. அத்தோடு விட்டிருக்கலாம். 2024 ஏப்ரலில் பிரான்சின் இயேர் நகரில் நடந்த கடைசி வாய்ப்புப் போட்டியில் ஐந்தாவதாக முடித்து மறுபடியும் இடம் பிடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் மார்செய் கடலில் நடந்தன. அங்கே அவர் 43 பேரில் 21ஆவது. மூன்று வருடத்தில் 35 என்பது 21 ஆனது. கரையில் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து நம் பிள்ளைகள் பார்த்தார்கள். அன்றைக்கு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இந்தக் காற்று நம்ம ஏரியிலும் அடிக்குதே, நாம ஏன் போகலை?" என்று கேட்டாள். இந்தக் குழு பிறந்தது அந்தக் கேள்வியால்தான்.

பெரியவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாய் கட்டி ஓட்டுவதை நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? டச்சுக்காரர்கள் பாய்க்கப்பலில் இந்தக் கரைக்கு வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் வரும்போது இங்கே துறைமுகம் இருந்தது, வியாபாரம் இருந்தது, காற்றறிந்த ஆட்கள் இருந்தார்கள். பழவேற்காட்டுத் துணி கப்பலேறிக் கிழக்கே போன தடம் இன்னும் அழியவில்லை. மலாய்க்காரர்கள் இன்றைக்கும் கைலியைப் 'பெலிகாட்' என்கிறார்கள், நம் ஊர்ப் பெயர் அது. கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்தான் 'கேட்டமரான்' என்று உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் நாக்ரா 17 படகும் ஒரு கேட்டமரான்தான். சொல் நம்முடையது, அந்தப் பந்தயத்தில் நம் பிள்ளை ஒருவர்கூட இல்லை. நம் தாத்தா மோட்டார் சத்தமே இல்லாமல் இந்த ஏரியைக் குறுக்கே கடந்தவர். பேரனுக்குப் பாயை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 4 (அதே வகைப் படகு, பாய் மட்டும் சிறியது) பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்துக்காரர். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபாலில் ஓர் ஏரியில் பழகியவர். அதே ஹாங்சோவில் வெண்கலம் வென்று, டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். வேலூரில் எங்கே கடல்? நமக்கு ஏரியும் இருக்கிறது, முகத்துவாரமும் இருக்கிறது, அதற்கு அப்பால் கடலும் இருக்கிறது. படகு மட்டும் இல்லை.

சரி, ஏன் ஆப்டிமிஸ்ட்? அது பிள்ளைகளுக்கென்றே செய்த படகு. 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். நம் ஃபைபர் படகில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, அனுப்பினாலும் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆப்டிமிஸ்ட் பந்தயத்துக்கு வயது வரம்பு 15. எங்களை அவசரப்படுத்துவது இதுதான். பெயர் கொடுத்திருக்கும் 22 பிள்ளைகளில் ஏழு பேருக்கு இப்போதே 13 முடிந்துவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றால் அந்த ஏழு பேருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய போன மாதிரிதான். அந்தப் பட்டியலில் ஒன்பது பெண் பிள்ளைகள் இருப்பது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

கணக்கு இதோ. ஆறு பழைய படகுகள், ஒன்று 85,000 வீதம் 5,10,000. படகுக் கொட்டகை 1,20,000. காப்புப் படகுக்குப் பழைய மோட்டார் 90,000 (படகை மீனவர் ஒருவர் இலவசமாகவே கொடுத்துவிட்டார்). மிதவைச் சட்டை இருபது, 50,000. புதுப் பாய் ஆறு, 84,000. பயிற்சியாளருக்கு நான்கு மாதத்துக்கு 1,00,000. ஆக மொத்தம் 9,54,000 ரூபாய். இதுவரை வந்தது 6,11,500. கொட்டகை, மோட்டார், மிதவைச் சட்டை, படகு முன்பணம் என்று 3,60,000 செலவாகிவிட்டது. கையில் இருப்பது 2,51,500. படகுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 4,10,000. அப்படித்தான் 1,58,500 குறைகிறது. பாய்க்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பற்றாக்குறை 3,42,500.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மீன் விற்கும் நம் பெண்களின் சுய உதவிக் குழு 25,000 கொடுத்தது. கூடையைத் தலையில் சுமந்து சேர்த்த காசு அது. அந்த ரசீதை எழுதும்போது பொருளாளர் கை நடுங்கியது என்று அவரே சொன்னார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாத ஓய்வூதியத்தை முழுசாகக் கொடுத்தார், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கோயில் திருவிழாக் குழு இந்த வருடம் ஒலி ஒளிக்கு வைத்திருந்த 40,000 ரூபாயைக் கொடுத்துவிட்டது. அம்மன் இருட்டிலா இருந்தாள்? ஊரே அகல் ஏற்றியது. மாதா கோயில் இளைஞர்கள் 15,000. ஜமாத்திலிருந்து 20,000, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு எண்ணிக் கையில் கொடுத்தார்கள். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி நடுக்கடலிலிருந்து 50,000 அனுப்பினார். 47 படகுக்காரர்கள் ஒரு நாள் மீன்பாட்டுப் பங்கை அப்படியே கொடுத்தார்கள், அந்த நாளில் மீன் குறைவு என்று தெரிந்தும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்டியலை உடைத்து 640 ரூபாய் கொண்டு வந்தான். அவன் பெயர்தான் ரசீதுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. இவர்கள் எல்லோர் வீட்டிலும் தெய்வம் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

தைக் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்கள் 31 பேர் இன்னும் தரவில்லை. அவர்கள் சொன்ன தொகை மட்டும் 1,12,000. நெருக்கடி எல்லோருக்கும் வரும், எங்களுக்கும் தெரியும். முழுசாக முடியாவிட்டால் பாதியாவது கொடுங்கள், அதுவும் முடியாது என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு வழி பார்ப்போம். ஆனால் சபையில் சொன்ன சொல்லுக்கு ஊரும் சாட்சி, சாமியும் சாட்சி. கல்யாணத்துக்குப் பேனர் வைக்க ஒரே நாளில் பணம் புரள்கிற ஊரில், பிள்ளைகளின் படகு பணமில்லாமல் திரும்பிப் போனது என்று நாளை யாரும் பேசக் கூடாது.

ஒரு முக்கியமான அறிவிப்பு. நேத்ரா குமணனுக்கும் இந்தக் குழுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் கதையை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான். அவர் பெயரையோ வேறு வீரர்கள் பெயரையோ சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பயிற்சி பறவைகள் சரணாலய எல்லைக்கு வெளியே, உரிய அனுமதியோடுதான் நடக்கும். மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்காது. நீச்சல் தெரியாத ஆறு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நம் ஊர் அண்ணன்மார் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள வங்கிக் கணக்கு விவரத்தை வீட்டார் படம் எடுத்து அனுப்பினால் போதும். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கைக் கொட்டகைச் சுவரில் ஞாயிறுதோறும் ஒட்டுகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம்.

மே 11 மாலை ஆறு மணிக்குக் கொட்டகையில் கடைசிக் கூட்டம். மறுநாள் விடிகாலையில் படகுகளை ஏற்றிவர லாரி பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
படகுக் குழுவினர்