அரங்கேற்றக் கணக்கு நோட்டு

சென்னை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் பேத்திக்கு வருகிற தை மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டதாகவும், மகன் எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று தெரியாமல் விழிப்பதாகவும் எழுதியிருந்தாய். போன ஆவணியில் இங்கே என் மகள் வயிற்றுப் பேத்திக்கு நடந்த அரங்கேற்றத்தின் செலவை நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பைசா விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நாட்டியத்துக்குச் செலவாகிறது என்பது முதல் சில ஆண்டுகளில் யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு மாதச் சம்பளம் 1,500 ரூபாயில் ஆரம்பித்து, பிறகு 2,000 ஆயிற்று. ஏழு வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் சுமார் ஒன்றரை லட்சம். இடையிடையே ஆண்டு விழா வரும். அறுபது பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடையில் நிற்பார்கள். வாடகை உடைக்கும், முகத்தில் சாயம் பூசுவதற்கும், ஒரு பங்குத் தொகைக்குமாக இரண்டாயிரம், மூவாயிரம் போகும். எதுவும் கையைக் கடிக்காது. அப்படிப் பழகிய கைதான் அரங்கேற்றம் என்றதும் யோசிக்காமல் நீள்கிறது.

என் மருமகன் முதலில் போட்ட மதிப்பு இரண்டு லட்சம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கூட்டுத்தொகை ஐந்து லட்சத்து முப்பதாயிரம். யாரும் எங்களை ஏமாற்றவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மொத்தம் இவ்வளவு ஆகும் என்று முதல் நாளே ஒருவரும் சொல்லவும் இல்லை. பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று நான்கு கலைஞர்கள், நான்கு ஒத்திகை, பிறகு நிகழ்ச்சி; அதற்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால் மண்டப வாடகை கூடுதல். ஒப்பனைக்காக மதியமே உள்ளே போனால் அந்த நேரத்துக்கும் தனி வாடகை உண்டு என்பது முன்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. படமும் வீடியோவும் 45,000. டிபனுக்கு 55,000.

உடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. காஞ்சிபுரம் பட்டுப் புடவை மூன்று வாங்கினோம். தையற்காரர் கத்தரிக்கோலை எடுத்து அந்த முந்தானையை விசிறி மடிப்புக்காக வெட்டியபோது நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். என் கல்யாணப் புடவைகூட அந்த விலை இல்லை. ஒரே வருடத்தில் பேத்தி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். இப்போது மூன்றில் ஒன்றுகூட அவளுக்கு இடுப்பில் ஏறாது.

இத்தனையிலும் கனமான வரி எது தெரியுமா? ‘குரு தட்சிணை’ என்று எழுதி, எதிரே தொகை எழுதாமல் மூன்று மாதம் விட்டு வைத்திருந்த வரி. டீச்சரிடம் கேட்டால், ‘உங்கள் இஷ்டம்’ என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? முன்னே அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் விசாரித்தோம்; ஆளுக்கொரு தொகை சொன்னார்கள், ஒருவர் சொன்னதைவிட அடுத்தவர் சொன்னது அதிகம். கடைசியில் பட்டுப் புடவையோடு சேர்த்து ஒன்றேகால் லட்சத்தில் வந்து நின்றது. மகள் இரண்டு வளையல்களை அடகு வைத்தாள்.

உடனே டீச்சர்மேல் கோபப்படாதே. எனக்கும் அப்போது வந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தணிந்துவிட்டது. இருபத்தைந்து பிள்ளைகள், ஆளுக்கு 2,000. அதில் கூடத்து வாடகை போக வேண்டும். பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் வருவதும் இல்லை, கட்டுவதும் இல்லை. மாதச் சம்பளத்தை நாம் குறைவாகவே வைத்திருக்கிறோம். ஏழு வருடமாகக் கொடுக்காமல் விட்டதை ஒரே மாலையில் கேட்காமல் கேட்கிறார்கள். மிருதங்கக்காரருக்கு அந்த மாதச் சம்பளமும் கிடையாது. மார்கழி ஓய்ந்த பிறகு கைக்கு வருவது இந்த மாதிரி அரங்கேற்றங்கள்தாம் என்று அவரே சொன்னார். ஆகையால் உன் மகனிடம் சொல், பேரம் பேசுவதாக இருந்தால் மேடை அலங்காரம் செய்கிறவரிடம் பேசட்டும், வாசிக்கிறவர்களிடம் வேண்டாம்.

நாம் சிலப்பதிகாரத்தில் படித்தோமே, மாதவியும் ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள். அவளுக்கு அரசன், ஆடலில் சிறந்தவளுக்குத் தரும் தலைக்கோல் பட்டத்தோடு, அந்தக் காலத்து எடையில் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்தான். நம் வீட்டிலும் அதே ஏழு வருடம். பொன் மட்டும் எதிர்த்திசையில் நடந்துபோய் அடகுக் கடையில் உட்கார்ந்துகொண்டது.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு, மகளும் மருமகனும் தாழ்ந்த குரலில் வளையல் விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேத்தி என் பக்கத்தில் படுத்திருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ‘ஆச்சி, வர்ணத்தில் எங்கேயாவது அடி தப்பிட்டா அவ்வளவு பணமும் வீண்தானே?’ என்று கேட்டாள். நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படியான வர்ணம் மட்டுமே முக்கால் மணி நேரம் ஆட வேண்டிய குழந்தை அவள். அன்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் அடி தப்பாமல்தான் ஆடினாள். ஆனால் முகத்தில் சிருங்காரம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கணக்கு நோட்டுத்தான் தெரிந்தது.

அதன்பின் ஒரு சிறிய சபாவிலிருந்து வாய்ப்புத் தருவதாகக் கூப்பிட்டார்கள். மகள் மகிழ்ந்துபோனாள். பேச்சின் முடிவில்தான், மேடைச் செலவுக்கு நாங்கள்தான் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பது வெளிவந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நீ கேட்டதற்கு என் யோசனை. டீச்சரிடம் தட்சிணை உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி இப்போதே கேட்டுவிடு. கூச்சமாக இருந்தால் நீயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், இவ்வளவுதான் எங்களால் முடியும் என்று காட்டு. முதல் உருப்படியான அலாரிப்பிலிருந்து கடைசியில் வரும் தில்லானா வரை வரிசையாக ஆடி முடிக்க, மேடுபள்ளம் இல்லாத தரையும் நல்ல வாசிப்பும்தான் வேண்டும், குளிரூட்டிய மண்டபம் வேண்டியதில்லை. உங்களூரில் நெல்லையப்பர் கோயில் இருக்கிறது. நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை அங்கேதான் இருக்கிறது. தை மாதத்துக்குப் பதில் நவராத்திரியில் அந்தக் கோயிலில் ஒரு மாலை கிடைக்குமா என்று அலுவலகத்தில் விசாரித்துப் பார். அதே டீச்சரிடம் உடன் படிக்கிற பெண் யாராவது இருந்தால் இருவருக்கும் சேர்த்தே வைக்கலாம். கலைஞர்களின் செலவு பாதியாகும், பிள்ளைக்கும் பயம் குறையும்.

உன் மருமகள் இதற்கு ஒப்புக்கொள்வாளா என்பது எனக்குத் தெரியாது. என் மகள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். அக்கம்பக்கத்தில் நடந்ததைப் பார்த்துத்தான் அவளும் பத்திரிகை அடித்தாள்.

உன் பேத்தியின் இடுப்பு, தோள், கணுக்கால் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. இரண்டு உடைகளைச் சரிசெய்து தைத்துக்கொள்ளலாம் போலத் தெரிகிறது. கெம்பு நகைகள் முழுவதையும், தலைசாமான், ராக்கொடி, சூரியன் சந்திரன் எல்லாம் சேர்த்து, அடுத்த வாரம் பார்சலில் போடுகிறேன். ஒட்டியாணத்தில் இரண்டு கல் விழுந்திருக்கிறது. நாகர்கோவில் பக்கம் யாராவது போனால் வடசேரியில் இந்த நகை செய்கிறவர்களிடம் கொடுத்து ஒட்ட வைத்துக்கொள்.

உன்,
அன்புத் தோழி