மெடிகேப்புக்குச் சந்தா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் 65 வயதைத் தொடும் நம்மவர்களுக்காகச் சென்ற இதழில், அரசு நடத்தும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. மெடிகேர் நம் தலையில் விட்டுவைக்கும் பங்கை ஏற்க மெடிகேப் பாலிசி வாங்கப் போனால், "நீங்கள் உறுப்பினரா?" என்ற கேள்வி வரலாம்.

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு வந்தது. விண்ணப்பத்தில் ஏ.ஏ.ஆர்.பி. என்ற அமைப்பின் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு கட்டம். அதுவரை அதைப் பற்றி வாயே திறக்காத ஏஜென்ட், "சேர்ந்துடுங்க சார், சின்னத் தொகைதான்" என்றார். மாமாவுக்குச் சுருக்கென்று கோபம். "இன்ஷூரன்ஸ் வாங்க வந்தேனா, சங்கத்தில் சேர வந்தேனா?" என்று பேனாவை மூடிவிட்டார்.

கேள்வி நியாயம்தான். ஏ.ஏ.ஆர்.பி. என்பது 1958-இல் தொடங்கிய முதியோர் அமைப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனி அல்ல. அதன் பெயரில் மெடிகேப் விற்பது யுனைடெட் ஹெல்த்கேர். பெயருக்காக அமைப்புக்கு ராயல்டி போகிறது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பெயரில் வரும் மெடிகேர் அட்வான்டேஜ் (மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி வழியாகத் தருவது) திட்டத்துக்கு உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. மெடிகேப்புக்குத்தான் தேவை.

சந்தா பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாம். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்களில், மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி என்றால் யார் விற்றாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றுதான். மாறுவது பிரீமியம். அதனால் சந்தாவையும் பிரீமியத்தோடு கூட்டிப் பார்த்து, எது மலிவோ அதை வாங்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

மாமா இரண்டையும் செய்யவில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று விண்ணப்பத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். 65 வயதாகி, பார்ட் பி (மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளிச் செலவுகளுக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம்தான் உடல்நிலையைக் காரணம் காட்டாமல் கம்பெனிகள் பாலிசி தந்தாக வேண்டிய காலம். மாமா மறுபடி விசாரித்தது எட்டாவது மாதம். சர்க்கரை உண்டா, ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டும் உண்டு. பாலிசி இல்லை என்று கடிதம் வந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையில், நியூயார்க்கில் இருந்திருந்தால் எப்போது கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். அங்கே சட்டம் அப்படி.

இப்போது பார்ட் பி-யில் வரும் செலவில் 20 சதவீதம் அவர் கையிலிருந்து. அதற்கு உச்சவரம்பும் கிடையாது. சில டாலர் சந்தாவுக்காகப் பிடித்த பிடிவாதம்!

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்த ஆறு மாதக் கெடுவைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷன் வாங்காதவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாமா தப்பித்திருப்பார்.

அக்காவுக்கு அடுத்த மாதம் 65. மெடிகேப்பில் தம்பதிக்குச் சேர்த்து ஒரே பாலிசி கிடையாது. அவளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். விண்ணப்பம் இந்த முறை என் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூஜெர்சி